பன்னிரண்டாவது அர்த்தம்

அகராதி ஆபீசில் 'கேள்' என்ற சொல்லுக்குப் பதினோரு அர்த்தம் தேறியிருந்தது. பன்னிரண்டாவது அர்த்தம்தான் கிருபாவைப் படுத்தி எடுத்தது.

அகராதி ஆபீஸ் என்றதும் பெரிய கட்டடம், வாசலில் கூர்க்கா என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஓட்டு வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். பின்கட்டில் வீட்டுக்காரர்கள் குடியிருந்தார்கள். பதினோரு மணிக்கு அவர்கள் மிளகாய் தாளித்தால் இங்கே அகராதி வேலை ஐந்து நிமிஷம் நின்றுபோகும். இரண்டு மேஜை, நாற்பது பிஸ்கட் டின். டின்களுக்குள் சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் மேலே ஒரு சொல், நடுவில் அந்தச் சொல் வருகிற ஒரு வாக்கியம், கீழே அந்த வாக்கியம் எந்தப் புத்தகத்தில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்ற விவரம். அந்தக் கீழ்வரிக்கு ஆபீசில் 'சாட்சி' என்று பெயர்.

ஒரு சொல்லுக்கு இன்ன இன்ன அர்த்தம் என்று அங்கே யாரும் விட்டத்தைப் பார்த்து யோசித்துச் சொல்லிவிட முடியாது. சீட்டுகளை மேஜையில் பரப்பி, ஒரே பொருளில் பேசுகிற வாக்கியங்களை ஒன்றாகக் குவிக்க வேண்டும். எத்தனை குவியலோ அத்தனை அர்த்தம். ஒரு குவியலில் மூன்று பேர் எழுதிய மூன்று வாக்கியமாவது இருக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால், அச்சில் வந்த ஒன்றாவது இருக்க வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் அந்த அர்த்தத்துக்கு அகராதியில் இடமில்லை.

இந்தச் சட்டத்தைப் போட்டவர் பதிப்பாசிரியர் ஸ்ரீநிவாசராகவன். முப்பது வருஷம் காலேஜில் பாடம் சொல்லிவிட்டு ஓய்வுபெற்றவர். பச்சை மசிப் பேனாவும் வெள்ளைவெளேரென்ற அரைக்கைச் சட்டையுமாகக் காலை ஒன்பதுக்கு நாற்காலியில் உட்கார்ந்தால், மாலை மூன்றே முக்காலுக்குத்தான் எழுந்திருப்பார். அதற்கு மேல் ஒரு நிமிஷம் இருக்கமாட்டார். அவருடைய மனைவி செல்லம்மா சானடோரியம் காசநோய் ஆஸ்பத்திரியில் பொங்கலிலிருந்து படுத்திருந்தாள். நாலு மணிக்குப் பார்வையாளர்களை விடுவார்கள். மனைவிக்கு எப்படி இருக்கிறது என்று அவரும் சொன்னதில்லை, கேட்கிற தைரியம் கிருபாவுக்கும் வந்ததில்லை. அறுபத்தெட்டாம் வருஷம் ஆகஸ்ட் மாதம் வரைக்கும் அப்படியே ஓடிவிட்டது.

கிருபா அங்கே சேர்ந்து நாலு வருஷம். முப்பத்தைந்து வயது, ஹைஸ்கூலோடு நின்ற படிப்பு, முத்தான கையெழுத்து, எதையும் விடாமல் படிக்கிற கண். நாவல், சமையல் புத்தகம், பஞ்சாயத்து போர்டு அறிக்கை என்று எது கையில் கிடைத்தாலும் படித்துச் சீட்டு எழுதினாள். இதுவரை ஆறாயிரத்து நானூறு சீட்டு. முதல் ஆறு மாதம் ராகவன் சார் ஒவ்வொன்றையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டார். அவர் யாரையும் பாராட்டிக் கிருபா கண்டதில்லை. பார்ப்பதை நிறுத்தியதுதான் பாராட்டு என்று அவள் எடுத்துக்கொண்டாள். அது சரியும்கூட.

'கேள்' பெட்டி தன் மேஜைக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு யார் வாயைத் திறந்தாலும் சீட்டாகத் தெரிந்தது. பல்லாவரத்தில் விடிந்ததும் புருஷன் லாசரஸ் ரேடியோவைத் திருகிக்கொண்டு ஒன்றுமே கேட்கவில்லை என்பான். மகள் பேபி இன்னொரு கரண்டி சட்னி கேட்பாள். பேன் பார்க்க வா என்றால் கேட்கமாட்டாள். எதிர்வீட்டுப் பெண்ணைப் படப்பையிலிருந்து கேட்டு வந்திருக்கும் விஷயம் தெருக்குழாயடியில் அலசப்படும். அதே குழாயடியில் வரிசை தாண்டிக் குடம் வைத்தவளை ஏன் என்று கேட்க ஆளிருக்காது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும், மனசு கேட்காமல், வாசலில் கத்துகிற பூனைக்கு ஒரு வாய் சோறு வைத்துவிட்டுத்தான் கிருபா கிளம்புவாள். எட்டேகால் ரயிலைப் பிடிப்பதற்குள் ஆறு அர்த்தம் ஆகிவிடும். இத்தனைக்கும் ஒரே சொல். யாரும் எந்தக் 'கேள்' என்று குழம்பி நின்றதில்லை. முன்னால் வருகிற சொல்லும் பின்னால் வருகிற சொல்லும் சேர்ந்து ஆளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுகின்றன. இந்த அதிசயத்தை நினைத்து நினைத்து அவள் ஒரு வாரம் ரயிலில் தானாகச் சிரித்துக்கொண்டு போனாள்.

பன்னிரண்டாவது அர்த்தம் கிடைத்ததும் ரயிலில்தான். பெண்கள் பெட்டியில் எதிரே உட்கார்ந்திருந்தவள் மடியில் தூக்குப் பாத்திரம். குரோம்பேட்டை தாண்டியதும் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

"அஞ்சு ஊசி போட்டுட்டாங்கக்கா. எதுக்குமே கேக்கல. இன்னா பண்றதுன்னே தெர்ல."

சானடோரியம் ஸ்டேஷனில் அவள் இறங்கிப் போய்விட்டாள். கிருபா டிபன் பொட்டலத்துக் காகிதத்தைக் கிழித்து அந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டாள். நோய் மருந்துக்குக் கேட்பது. காதும் இல்லை, கேள்வியும் இல்லை, கீழ்ப்படிதல் என்று சொல்லலாமென்றால் அதுவும் முழுசாக ஒட்டவில்லை. பதினோரு குவியலில் எதிலும் அது சேராது. தனிக் குவியல்தான்.

ஆபீசில் காகிதத்தை நீட்டினாள். ராகவன் சார் படித்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நன்னா இருக்கு. எந்தப் புஸ்தகம்?"

"ரயில்ல ஒருத்தங்க சொன்னாங்க, சார்."

"ரயிலுக்குப் பக்க எண் உண்டாம்மா?"

கேலிதான். ஆனால் கேலிக்குப் பின்னால் ஒரு நியாயம் இருந்தது, அதையும் சொன்னார். அச்சில் இருந்தால் நூறு வருஷம் கழித்தும் சந்தேகப்படுகிறவன் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ரயிலில் சொன்னவளை அவன் எங்கே போய்த் தேடுவான்? வெள்ளிக்கிழமை 'கே' வரிசை அச்சுக்குப் போகிறது, அதற்குள் ஒன்றாவது கொண்டுவா, போட்டுவிடலாம் என்றார்.

கிருபா தேடினாள். பல்லாவரம் லெண்டிங் லைப்ரரியில் நோயாளி வருகிற கதையாகப் பார்த்துப் பார்த்து எடுத்து, அடுப்படியிலும் ரயிலிலும் படித்தாள். கதைகளில் நோயாளிகளுக்குப் பஞ்சமே இல்லை. இருமி இருமி ரத்தம் கக்கினார்கள், ஜன்னியில் பிதற்றினார்கள். ஆனால் ஒருத்தருக்காவது மருந்து கேட்கவும் இல்லை, கேட்காமல் போகவும் இல்லை. எல்லாரும் 'சிகிச்சை பலனின்றி' செத்துப்போனார்கள். பிழைத்தவர்கள் 'பூரண குணமடைந்து' வீடு திரும்பினார்கள். பேனாவைக் கையில் எடுத்ததும் இந்த எழுத்தாளர்களுக்கு என்னதான் ஆகிவிடுகிறதோ என்று கிருபாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. தாம்பரம் வட்டாரத்தில் தினம் நூறு பேர் வாயில் புழங்குகிற ஒரு பேச்சு, அச்சில் வரத் தகுதியில்லை என்று எந்த மகராசன் தீர்மானித்தான்?

வியாழக்கிழமை மத்தியானம் அவள் ஒரு வெள்ளைச் சீட்டை எடுத்தாள். மேலே 'கேள்' என்று எழுதினாள். நடுவில், ரயில் வாக்கியத்துக்குச் சட்டை போட்டுத் தலைவாரிவிட்டு எழுதினாள்: 'ஐந்து ஊசி போட்டும் அவளுடைய காய்ச்சல் கேட்கவில்லை.' கீழே, ஒன்பது இதழோடு நின்றுபோன ஒரு மாதப் பத்திரிகையின் பெயர், 1955 மார்ச், பக்கம் 43. அந்த மார்ச் இதழை அவள் கண்ணாலும் பார்த்ததில்லை.

ராகவன் சார் சீட்டை வாங்கிப் பார்த்தார். "பாத்தியா, தேடினா கிடைக்கறது" என்று ஓரத்தில் பச்சை மசியில் கையெழுத்துப் போட்டார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. அதைப் பார்த்ததும்தான் சீட்டைத் திருப்பி வாங்கிவிடலாமா என்று கிருபாவுக்குத் தோன்றியது.

வீட்டில் லாசரஸிடம் சொன்னாள். அவன் தோல் கிடங்கில் ஸ்டோர் கீப்பர், எதையும் லேசாக எடுத்துக்கொள்கிற ஆள். நின்றுபோன பத்திரிகையைத் தேடிக்கொண்டு எவன் வரப்போகிறான், ஊரே பேசுகிற பேச்சைத்தானே எழுதினாய் என்று சமாதானம் சொல்லிவிட்டுக் குறட்டை விட்டான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பத்துக் கட்டளைகளை வாசித்தார்கள். வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகியதுதான். ஒன்பதாவது வந்தபோது, பொய்ச் சாட்சி என்ற சொல் அவளுக்கு ஒரு பிஸ்கட் டின்னையும் பச்சைக் கையெழுத்தையும்தான் கண்முன் கொண்டுவந்தது. லாசரஸ் பக்கவாட்டில் திரும்பி அவளைப் பார்த்து மெல்லச் சிரித்தான். வீட்டுக்கு வந்ததும் அவனுக்கு அன்றைக்கு மீன் குழம்பில் நடுத்துண்டு கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை ராகவன் சார் அவளைக் கூப்பிட்டு, கொஞ்சம் தயங்கினார். அவர் தயங்கி அவள் பார்த்ததே இல்லை.

விஷயம் இதுதான். தினம் நாலு மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, அந்தந்த வாரம் தேறிய சீட்டுகளை அவர் செல்லம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாராம். அவளுக்கு அதுதான் பொழுதுபோக்கு. சனிக்கிழமை அந்த 'ஐந்து ஊசி'ச் சீட்டை வாசித்திருக்கிறார்.

"அந்தக் கதையைப் படிக்கணுங்கறா. அந்தப் பொண்ணு கடைசில பொழைச்சாளான்னு தெரியணுமாம். ரெண்டு நாளா அதையே சொல்லிண்டிருக்கா. அந்தப் பத்திரிகையை ஒரு சாயங்காலத்துக்கு வாங்கித் தருவியாம்மா? பத்திரமா திருப்பித் தந்துடறேன்."

வேறு எதற்காகக் கேட்டிருந்தாலும் கிருபா ஒரு பொய்க்கு மேல் இன்னொரு பொய் வைத்திருப்பாள். இதழ் தொலைந்துபோயிற்று, லைப்ரரிக்காரன் எடைக்குப் போட்டுவிட்டான் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் படுக்கையில் கிடக்கிற ஒருத்தி, இல்லாத ஒரு பெண் பிழைத்தாளா என்று இரண்டு நாளாகக் காத்திருக்கிறாள். அவளிடம் எதைச் சொல்வது? பிழைத்தாள் என்றா? அதற்கு ஒரு பக்க எண் போடுவதா?

"அப்படி ஒரு கதையே இல்ல, சார். சாட்சியை நானா எழுதிட்டேன்."

பின்கட்டில் யாரோ அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார்கள். ராகவன் சார் பேனாவை மூடினார். திட்டுவார் என்று கிருபா காத்திருந்தாள். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்துபோய் நாற்பது டின்களையும் ஒரு பார்வை பார்த்தார்.

"ஆறாயிரத்து நானூறு," என்றார். "இதுல எது நிஜம்னு இப்ப எனக்கு எப்படிம்மா தெரியும்?"

மற்றதெல்லாம் நிஜம்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். அதைச் சொல்கிற தகுதி வியாழக்கிழமை மத்தியானத்தோடு போய்விட்டது என்று அவளுக்கே புரிந்தது.  அழுகை வந்தது. அழுதால் அது ஒரு சலுகை கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

அச்சகத்துக்கு ஆள் போயிற்று. மார்க்கெட் பக்கத்தில் அச்சகம் வைத்திருந்த அப்துல் கஃபார் பாய், பாதி அச்சுக் கோத்த கையோடு சைக்கிளில் ஓடிவந்தார். நிறுத்தச் சொன்னது உண்மைதானா என்று கேட்டார். "இன்னா சார், எழுத்தெல்லாம் கட்டி ரெடியா கீது, இப்ப போயி பிரிக்கச் சொல்றீங்க" என்று புலம்பினார். ராகவன் சார் காரணம் சொல்லவில்லை. சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னார். கிருபா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவளைக் காட்டிக்கொடுக்காததற்கு நன்றி சொல்வதா, அதற்கும் சேர்த்து வெட்கப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பாய் போனதும் ராகவன் சார் இரண்டு விஷயம் சொன்னார். கிருபா எழுதிய ஒவ்வொரு சீட்டையும் அவளே மறுபடி புத்தகத்தைத் தேடி எடுத்துவந்து அவர் முன்னால் பிரித்துக் காட்ட வேண்டும். இனிமேல் சாட்சிக்குக் கீழே இன்னொரு வரி உண்டு: 'சரிபார்த்தவர்'. அந்த வரியில் அவர் கையெழுத்து விழாத சீட்டு டின்னுக்குள் போகாது. இரண்டாவது, இன்றைக்கு நாலு மணிக்கு அவளும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

"அந்தப் பொண்ணு இல்லைங்கறதை நான் போய் அவகிட்ட சொல்லமாட்டேன். நீயே சொல்லு."

செல்லம்மா மாமி வராந்தாவில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பெரிய கண், சின்ன முகம், மடியில் அட்டை போன ஒரு வாரப் பத்திரிகை. வராந்தாவுக்கு வெளியே சவுக்கு மரங்கள். கிருபா மூன்று அடி தள்ளிப் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். ரயிலில் கேட்டதை, புத்தகங்களில் தேடியதை, சீட்டு எழுதியதை.

மாமி மடியிலிருந்த பத்திரிகையை மூடி வைத்தாள். "அப்போ ஊசி போட்டுண்டது யாரு?"

"அந்த அம்மா யாரைப் பாக்க வந்தாங்களோ, அவங்க. இந்த ஆஸ்பத்திரிலதான் இருக்கணும். பேரு தெரியாது மாமி."

"பொழைச்சாளா?"

"அதுவும் தெரியாது."

மாமிக்கு இருமல் வந்தது. நெடுநேரம் இருமினாள். ராகவன் சார் எழுந்து நின்று வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். ஆபீசில் பேனா மூடியைக்கூட யாரையும் தொடவிடாத மனுஷர், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைக் கிருபாவால் பார்க்க முடியவில்லை. அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. இந்த வாக்கியத்தை முதல்முதலில் காகிதத்தில் நீட்டிய அன்றைக்கு அவர் ஏன் அதை அத்தனை நேரம் பார்த்தார் என்பது இப்போதுதான் உறைத்தது.

இருமல் நின்றதும் மாமி சொன்னாள்: "எனக்கும் கேக்கலைடி. ரெண்டு மாசமா ஊசி போடறா, இருமல் கேக்கலை. மருந்தை மாத்திப் பாக்கலாம்னு டாக்டர் நேத்திக்குச் சொன்னார். இவர் உங்கிட்டச் சொல்லியிருக்கமாட்டார்." பிறகு புருஷனைப் பார்த்தாள். "நான்தான் இப்ப சொல்றேனே. எழுதிக்கோங்கோ."

"அச்சுல வந்திருக்கணும், செல்லம்."

"நீங்க அச்சடிச்சா அது அச்சு இல்லையா?"

"யாராவது சந்தேகப்பட்டு சரிபாக்கணும்னா?"

"வந்து என்னைக் கேக்கட்டும். நான் எங்கே போயிடப்போறேன்."

ராகவன் சார் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைச் சீட்டை எடுத்து, மடியில் வைத்து, பச்சைப் பேனாவால் எழுதினார். 'இரண்டு மாதமாக ஊசி போடுகிறார்கள், இருமல் கேட்கவில்லை.' சாட்சி என்ற இடத்தில்: 'செல்லம்மா, வாய்மொழி, 26-8-1968.' முப்பது வருஷப் பழக்கத்தில் அவர் கையெழுத்து எப்போதும் நூல் பிடித்த மாதிரி இருக்கும். அன்றைக்குக் கடைசி வரி கொஞ்சம் சாய்ந்து இறங்கியது. அகராதியில் வாயால் சொன்னதற்கு இடம் கிடைத்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு ஏழு வாரம் கிருபா புத்தகம் சுமந்தாள். கடன் வாங்கிய இடங்களுக்கெல்லாம் மறுபடி போனாள். கீழ்க்கட்டளையில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டுப் பரணில் ஏறினாள். காலேஜ் லைப்ரரியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். லாசரஸ் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கேரியரில் மூட்டை கட்டிக்கொண்டு வந்து கொடுத்தான். லேசாக எடுத்துக்கொள்கிற அந்த ஆளும் இந்த விஷயத்தில் ஒரு கேலியும் பேசவில்லை. தினம் நூற்றைம்பது சீட்டு. அவள் பக்கத்தைப் பிரித்து விரலை வைப்பாள், ராகவன் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் குனிந்து பார்ப்பார், கையெழுத்துப் போடுவார்.  ஆறாயிரத்து நானூறில் ஏழு பக்க எண் தப்பு, ஓரிடத்தில் ஒரு சொல் விட்டுப்போயிருந்தது. பொய் வேறு இல்லை. கடைசிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் அடுத்த டின்னை அவள் மேஜைக்குத் தள்ளினார். 'கை' என்று எழுதியிருந்தது.

மறுநாளிலிருந்து அவர் ஆபீசுக்கு வரவில்லை. லீவு எழுதி அனுப்பியிருந்தார். காரணம் போடவில்லை.

புது மருந்து என்ன செய்கிறது என்று கிருபாவுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்திருக்கலாம். வாசல் வரைக்கும் ஒரு தரம் போகவும் போனாள். உள்ளே போய், கட்டில் காலியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து திரும்பிவிட்டாள். காலையில் ரயில் சானடோரியத்தில் நிற்கும்போது தூக்குப் பாத்திரத்தோடு இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்ப்பாள். அன்றைக்கு அஞ்சு ஊசி என்று சொன்னவள் அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் வரவே இல்லை. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை.

பத்தாம் நாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணி இருக்கும். கஃபார் பாய் ரப்பர் ஷீட்டில் சுற்றிய புரூஃபோடு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். சார் ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்து திருத்திக் கொடுத்துவிட்டார், உங்களிடம் காட்டிவிட்டு அச்சுக்கு ஏற்றச் சொன்னார் என்றார். பாய்க்குப் பாதி சந்தோஷம், பாதி எரிச்சல்.

"பன்னெண்டு பக்கமும் க்ளீனா வுட்டுட்டாரும்மா. ஒரே ஒரு எடத்துல மட்டும் கைய வெச்சிட்டாரு. அந்த எடத்துல கோத்துப் பிரிச்சு இது மூணாவது வாட்டி. ஒரு வார்த்தைக்கு இம்மாம் பேஜாரா?"

சாரின் முகம் எப்படி இருந்தது என்று கேட்க நினைத்தாள் கிருபா. கேட்கவில்லை. புரூஃபைப் பிரித்தாள். 'கேள்' மூன்றாவது பக்கத்தில் இருந்தது. ஒன்று, இரண்டு என்று விரல் இறங்கிக்கொண்டே போயிற்று. பன்னிரண்டில் நின்றது. '(நோய், வலி முதலியவை மருந்துக்கு) அடங்குதல்.' அதன் கீழே அச்சில் இருந்த வாக்கியத்தை, இருமல் கேட்கவில்லை என்ற அந்த வாக்கியத்தை, ஒரே கோடாக அடித்திருந்தார். ஓரத்தில் பச்சை மசியில் நூல் பிடித்த மாதிரி எழுதியிருந்தார்:

'மருந்தை மாற்றினார்கள், இருமல் கேட்டது.'

கிருபா அதை இரண்டு தரம் படித்தாள். மாதிரிக்காக, அழகுக்காக, ஒரு வாக்கியத்தை மாற்றுகிற மனுஷர் இல்லை அவர். யாரும் சொல்லாத ஒன்றை எழுதியதற்காக நாற்பது டின்களையும் கொட்டிப் பார்க்க வைத்தவர். அவர் 'கேட்டது' என்று எழுதினால், கேட்டது. அவ்வளவுதான். அவளுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. இந்தத் தரம் அவள் அதை அடக்கவில்லை. பாய் பதறிப்போய், எழுத்துப் பிழை ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

புரூஃபின் மூலையில் ஒரு சீட்டைக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தார். புது வாக்கியத்துக்குப் புதுச் சீட்டு. சாட்சி: 'செல்லம்மா, வாய்மொழி, 21-10-1968.' அதற்குக் கீழே 'சரிபார்த்தவர்' என்ற வரியில் அவருடைய பச்சைக் கையெழுத்து இல்லை. ஏழு வாரமாக அந்த வரியில் தன் பெயரைத் தவிர வேறு பெயரை அவர் போட்டதில்லை. இப்போது பென்சிலால், பொடி எழுத்தில், 'கிருபா' என்று எழுதி வைத்திருந்தார்.

"அப்போ அச்சுக்கு ஏத்திடலாமா?" என்றார் பாய்.

"நாளைக்குக் காலைல ஏத்துங்க பாய். இன்னும் சரிபார்க்கல."

அவள் குடையை எடுத்துக்கொண்டாள், சீட்டை நனையாமல் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள், ஆபீசைப் பூட்டிச் சாவியைப் பின்கட்டில் கொடுத்தாள். நாலு மணிக்கு ஆஸ்பத்திரி கேட்டைத் திறந்தபோது முதல் ஆளாக உள்ளே போனாள். வராந்தாவில் கட்டில் காலியாகத்தான் இருந்தது. அவள் வராந்தா முழுக்கக் கண்ணால் தேடினாள். மாமி எழுந்துபோய்த் தூண் ஓரமாக நின்று, கையை வெளியே நீட்டி மழையில் நனைத்துக்கொண்டிருந்தாள். ராகவன் சார் பக்கத்தில் நின்று, உள்ளே வா, உள்ளே வா என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மாமி கேட்பதாக இல்லை.

கிருபாவையும் அவள் வெளியே எடுத்த சீட்டையும் பார்த்ததும் மாமிக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கோர்ட்டில் நிற்கிறவள் மாதிரி நிமிர்ந்து நின்றாள்.

"கேளேன்."

"இருமல் எப்படி இருக்கு, மாமி?"

"மருந்தை மாத்தினா. கேட்டுடுத்து."

ராகவன் சார் பேனாவைக் கழற்றி நீட்டினார். கிருபா தூணில் சீட்டை வைத்துப் பென்சில் எழுத்தின் மேலேயே பச்சை மசியில் கையெழுத்துப் போட்டு, தேதியையும் எழுதினாள்.